கோணல் பின்னல்

என் மகளின் தலையை இன்னொருத்தி பின்னலாம் என்று சண்டை பிடித்து அந்த உரிமையை வாங்கியவள் நான்தான். பிறகு அந்தக் கைகளைப் பார்த்து வயிறெரிந்தவளும் நான்தான். எரிச்சலுக்கு வேறு நல்ல பெயர் தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. பொறாமைதான். பச்சைப் பொறாமை.

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தது கொழும்புக் கலவரத்துக்கு அடுத்த வருடம், எண்பத்து நான்கில். கணவர், நான், மூன்று வயது மகள். வந்த முதல் குளிர்காலத்திலேயே பிறம்ரனில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது கார் பனியில் சறுக்கியது. மற்ற இருவருக்கும் கீறல்கூட இல்லை. எனக்குக் கழுத்து. நெடுங்காலம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீல்செயரில் வீடு திரும்பினேன். தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்கள் மட்டும் சொல்வழி கேளாது. கரண்டியை மணிக்கட்டோடு பட்டி போட்டுக் கட்டிவிட்டால் சாப்பிடுவேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லை.

ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. விடிய எழும்பி என்னைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, நாற்காலியில் இருத்திவிட்டு கணவர் பிளாஸ்ரிக் தொழிற்சாலைக்கு ஓடுவார். போகிற போக்கில் மகளின் தலைமயிரை அள்ளி ஒரு ரப்பர் வளையத்துக்குள் திணிப்பார். பிள்ளை தலையின் ஒரு பக்கத்தில் வாலோடு பாலர் வகுப்புக்குப் போவாள். அதைப் பார்க்க எனக்கு அழுகை வரும். என் கால் போனதற்கு நான் அவ்வளவு அழவில்லை. மகளுக்கு நல்ல அடர்த்தியான மயிர். விபத்துக்கு முன் நான் எண்ணெய் பூசி, நேர் உச்சி பிரித்து, இரட்டைப் பின்னல் பின்னி, நுனியை மடித்துக் கட்டிவிடுவேன். பள்ளிக்கூடக் காலம் முழுவதும் என் அம்மா எனக்குக் கட்டிய கட்டு அது. தலையைப் பார்த்தாலே வீட்டில் தாய் இருக்கிறாளா இல்லையா என்று எங்கள் சனம் சொல்லிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த உதவித் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். காலையில் சில மணி நேரம், மாலையில் கொஞ்ச நேரம் வீட்டுக்கு ஆள் வரும். யார் வருவது என்று நானே பார்த்துத் தெரிவு செய்யலாம். எதை, எப்போது, எப்படிச் செய்வது என்று நானே சொல்லலாம். பிடிக்காவிட்டால் ஆளை மாற்றலாம். எனக்கு இது விநோதமாக இருந்தது. எங்களுக்குத் தெரிந்த வழக்கத்தில் படுக்கையில் விழுந்தவளை மச்சாளோ மாமியோ பார்ப்பார்கள். அவர்கள் இஷ்டப்படி பார்ப்பார்கள். சுடுதண்ணீர் அதிகமாகச் சுட்டாலும் வாயை மூடிக்கொண்டு நன்றியோடு கிடக்க வேண்டியதுதான்.

திட்டத்தின் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. சிறுவயதில் போலியோ வந்தவர். தன் மோட்டார் நாற்காலியிலேயே எங்கள் எலிவேற்றரில் ஏறி வந்தார். பல்கனிக் கதவருகே சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

"வாறவள் உன்னுடைய கை. மூளை நீ. அவளுக்குத் தெரியும் என்று விட்டுவிடாதே. சொல்லு."

"தாகமாக இருந்தால் என்ன சொல்லுவாய்?" என்று சோதித்தார்.

எங்கள் ஊரில் யார் நேராகத் தண்ணீர் கேட்டார்கள்? "வெக்கையாய்க் கிடக்கு" என்போம். "குசினியில தண்ணி இருக்கோ?" என்போம். கேட்பவருக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால் தாகத்தோடு இருப்போம். எனக்கு வந்த ஆங்கிலத்தில், "இன்றைக்குச் சூடாக இருக்கிறது" என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்த பனியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்று முழுக்க "எனக்குத் தண்ணீர் தா" என்று சொல்லப் பழக்கினார். நாக்குக் கூசியது.

பிறகு தலை பின்னும் சங்கதிக்கு வந்தேன். உதவியாளர் எனக்கு மட்டும்தான், பிள்ளை பராமரிப்புக்கு இல்லை என்பது விதி. நான் விடவில்லை. பின்னுவது பிள்ளையின் வேலை இல்லை, என்னுடைய வேலை, என் விரல் செய்யாததைத்தானே அவள் விரல் செய்யப் போகிறது, நீங்கள்தானே அவள் என் கை என்றீர்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசை எல்லாம் கொட்டினேன். இரண்டாம் முறை வந்தபோதும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு, "சரி, உன் வாதம் என் வாதம்தான்" என்றார். அன்று நான் பட்ட பெருமிதம் கொஞ்சமல்ல.

முதலில் வந்தவர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தமிழ் பேசுகிற ஒரு உதவியாளர் கிடைப்பது அந்தக் காலத்தில் லொத்தர் விழுந்த மாதிரி. வேறு யாரையும் பார்க்காமலே இவர்தான் வேண்டும் என்றேன்.

பிழை அன்றைக்கே நடந்தது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவர் நேரே வேலைக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தவரைச் சாப்பிட வைக்காமல் எப்படி? கணவர் தேத்தண்ணி ஊற்றினார், இடியப்பம் வைத்தார். நான் "அக்கா, கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ" என்றேன். நான் அக்கா என்றால் மகளுக்கு அவர் பெரியம்மா. பிள்ளைக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு காலைக்குள் உறவு போட்டு முடித்துவிட்டோம். பொறுப்பாளர் எனக்குப் பழக்கிய அத்தனையும் அந்த இடியப்பத்தோடு போயிற்று. அக்காவிடம் போய் "இடது காலைத் தூக்குங்கள், இப்போது திருப்புங்கள்" என்று யாராவது ஏவுவார்களா?

ஏவத் தேவையும் இருக்கவில்லை. அதுதான் வினை. நான் வாய் திறக்க முன் செய்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் தலையணை வேண்டும் என்று நான் நினைக்க, தலையணை வந்துவிடும். வெக்கையாய்க் கிடக்கு என்று நான் சொல்லவே தேவையில்லை, தண்ணீர் உதட்டருகே இருக்கும். முதல் மாதங்கள் சொர்க்கம். கணவர் நிம்மதியாக வேலைக்குப் போனார். நான் கொழுத்தேன்.

மகளின் தலையும் அப்படியே. அக்கா ஹோலில் சோபா செற்றியில் இருப்பார், மகள் கீழே அவர் முழங்கால்களுக்கு நடுவே இருப்பாள். இரண்டு பேரும் ரிவி இருக்கும் பக்கம் பார்த்து இருப்பார்கள். பின்னால் நாற்காலியில் நான். எனக்குத் தெரிவது இரண்டு முதுகுகள். அக்கா சீப்பு நுனியால் உச்சி பிரித்தால் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். கையோடு கதையும் ஓடும். நரிக் கதை, ஆனைக் கதை, தன் ஊர் ஆற்றில் தோணி கவிழ்ந்த கதை. அவர்கள் பக்கத்துப் பேச்சில் "பிறகு" என்பதற்கு "மறுகா" என்பார்கள். கதை நின்றால் மகள் தலையைத் திருப்பி "மறுகா?" என்று கேட்பாள். என் பிள்ளை, யாழ்ப்பாணத்து வயிற்றில் பிறந்தது, "மறுகா" என்கிறது. கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவரையும் சொல்ல வேண்டும். சனி ஞாயிறுகளில் வேலை முடிந்த பிறகும் அக்கா ஒரு குழம்பு வைத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கணவர் சாப்பாட்டுக் கோப்பையை வழித்துக்கொண்டே, "அக்கான்ர கைப்பக்குவம் தனி" என்பார். நான் அந்த மாதிரிச் சந்தேகம் ஒன்றும் படவில்லை. அப்படியென்றால் சுலபம், கத்திக் குழறி ஒரு நாளில் முடித்திருக்கலாம். இது வேறு. என் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, நான் இல்லாமலே நடந்தது. நான் இருந்தது நாற்காலியில் ஒரு சாமான் மாதிரி.

அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டார்கள். ஒரு கலியாணத்துக்கு அக்கா எனக்குச் சேலை உடுத்திவிட்டிருந்தார். கட்டிலில் கிடத்தி, சேலை மடிப்பான கொய்யகத்தை முன்னமே மடித்துப் பின் குத்தி வைத்து, நாற்காலியில் இருந்தாலும் ஒரு மடிப்புக் குலையாமல் உடுத்துகிற வித்தை அவருக்குத் தெரியும். மண்டபத்தில் ஒரு அன்ரி என்னைச் சுற்றி வந்து பார்த்தா. பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பிள்ளையை எவ்வளவு வடிவாய் வைச்சிருக்கிறீர்" என்றா. பூச்சாடியை வைத்திருப்பதைச் சொல்கிற மாதிரி. பிறகு மகளின் பின்னலைத் தூக்கிப் பார்த்து, அதற்கும் அக்காவையே பாராட்டினா. அக்கா கூச்சத்தோடு சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சர்பத் குடித்தேன், அதையும் அக்காதான் பிடித்திருந்தார்.

ஒரு நாள் பனி கொட்டி பள்ளிக்கூடம் பூட்டு. மகளுக்குக் காய்ச்சலும். செற்றியில் போர்த்திக்கொண்டு கிடந்தாள். நான் நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுபோய் என் புறங்கையை அவள் நெற்றியில் வைத்திருந்தேன். எனக்கு அங்கே கொஞ்சம் உணர்ச்சி இருக்கிறது, சூடு தெரியும். அக்காவின் நேரம் முடிந்தது. பூட்சைப் போட்டு, கோட்டை மாட்டி, தொப்பியும் வைத்துவிட்டார். மகள் என் கைக்குக் கீழேயிருந்து தலையை இழுத்துக்கொண்டு எழும்பி அழத் தொடங்கினாள்.

"பெரியம்மா, போகாதேங்கோ. நீங்கள் இருங்கோ."

அக்கா என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கோட்டோடேயே செற்றியில் இருந்துகொண்டு பிள்ளையை மடியில் தூக்கி வைத்தார். என் புறங்கை வெறும் தலையணையில் கிடந்தது.

"உங்கட நேரம் முடிஞ்சுது அக்கா," என்றேன். "பஸ் போயிடும்."

"புள்ள அழுறாளே. அடுத்த பஸ்ஸில போறன்."

"நான் இருக்கிறன்தானே."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, பாவமாகப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பிள்ளை நித்திரையானதும்தான் போனார்.

அடுத்த வாரம் பொறுப்பாளர் வந்தபோது, ஆளை மாற்ற வேண்டும் என்றேன். என்ன குறை என்று கேட்டார். குறை இல்லை, எல்லாம் அவருக்கே தெரியும், அதுதான் குறை என்றேன். மற்ற யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இவர் சிகரெட்டை உதட்டில் வைத்தபடி தலையை ஆட்டினார். தனக்கும் முன்பு அப்படி ஒருத்தி இருந்தாள் என்று மட்டும் சொன்னார்.

கணவர் குதித்தார். "உமக்கென்ன பைத்தியமே? தங்கமான மனுசி. சொந்தத்தில கூட உப்பிடி ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"சொந்தம் மாதிரித்தான் பாக்கிறா. அதுதான் வேண்டாம் எண்டுறன்."

"பிள்ளையை ஒருக்கா நினைச்சுப் பாத்தீரே?"

"அதைத்தான் நினைக்கிறன்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கரண்டியைக் கையில் கட்டிவிடும்போதும் கதைக்கவில்லை.

அக்காவிடம் நானே சொன்னேன். பொறுப்பாளர் சொல்லட்டும் என்று ஒளிந்துகொள்ளவில்லை. அவர் மகளின் இரண்டாவது பின்னலில் இருந்தார். கை நிற்கவில்லை.

"நான் என்ன பிழ விட்டன் புள்ள?"

"ஒரு பிழையும் இல்லை அக்கா."

பின்னலை முடித்து, நுனியை மடித்து, ரிபனைக் கட்டினார். பூட்சைப் போட்டார். மகளின் கன்னத்தைத் தொட்டு, "மறுகா வாறன் என்ன" என்றார். வர மாட்டார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு மட்டும் அது விளங்கவில்லை. ஒரு கிழமை முழுக்க அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து யன்னலில் நின்று பஸ் தரிப்பைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவை மாற்ற நான் நினைக்கவில்லை.

இந்த முறை ஆட்களை ஒழுங்காகப் பார்த்தேன். முதலில் வந்தவள் என் தலைக்கு மேலால் கணவரோடேயே பேசினாள். இரண்டாவது வந்தவள் எனக்குக் காது கேளாது என்று நினைத்தோ என்னவோ, ஒவ்வொரு சொல்லையும் உரத்து நீட்டிச் சொன்னாள். மூன்றாவது நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்த ஒரு பெரிய உடம்புக்காரி. அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவள். ஆம்பிளைப் பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய தலை. கணவர் தேத்தண்ணியை நீட்டினார். வேலை நேரத்தில் வேண்டாம் என்றாள். என் முன்னால் வந்து நின்று, "முதலில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. இவள்தான் என்றேன். இவளை நான் அக்கா என்று கூப்பிடவில்லை, மகளுக்கும் ஒரு உறவுமுறையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் காலை, மகளின் ஸ்ரூலை என் கால்களுக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். மகள் எனக்கு முதுகைக் காட்டி, என் முழங்காலோடு ஒட்டி இருந்தாள். புதியவள் பக்கத்தில் குனிந்து நின்றாள். அவளுக்குப் பின்னல் என்றால் என்னவென்றே தெரியாது. தேங்காயெண்ணெய்ப் போத்தலை மூக்கருகே வைத்து மணந்து பார்த்துவிட்டு, இது சமைக்கவா என்றாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். உள்ளங்கையில் கொஞ்சம் விடு. தேய். இப்போது உச்சி. நெற்றியின் நடுவில் தொடங்கு. இல்லை, மற்றப் பக்கம் போகிறாய். அழி. திரும்ப. என் புறங்கையால் மகளின் தலையைத் தடவி, எங்கே வளைகிறது என்று காட்டினேன். மூன்றாகப் பிரி. வலப் பக்கத்தை நடுவுக்கு மேலே போடு. இனி இடப் பக்கத்தை. இறுக்கு. கீழே இழுத்துப் பிடி. சொல்லச் சொல்ல என் தோள்களும் அசைந்தன. என் விரல்கள் மறந்ததை என் வாய் மறக்கவில்லை.

"நோகுது," என்றாள் மகள். "இவ இழுக்கிறா."

"நான்தான் இழுக்கச் சொன்னனான். தலையை ஆட்டாதை."

"பெரியம்மா எண்டா நோகாமப் பின்னுவா. நேராப் பின்னுவா."

"ஓம், அவ நல்லாப் பின்னுவா," என்றேன். அப்படிச் சொல்ல நான் என்ன பாடு பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு பின்னல் காதுக்கு மேலே, மற்றது காதுக்குக் கீழே. உச்சி நடுவழியில் வளைந்து போயிற்று. மகள் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனாள். அடுத்த நாளும் அப்படியே. பல வாரங்கள் அப்படியே. கணவர் பின்னலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சப்பாத்தைக் கட்டுவார். எனக்குத் தொண்டை கட்டியதே தவிர பின்னல் நேராகவில்லை. மீனை வெட்டிய கை அது, சொன்னதைச் செய்யும், சொல்லாத நேர்த்தி அதில் வராது.

ஒன்று மட்டும் மாறியது. நான் ஏவுவதை நிறுத்திச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் இடைவெளிகளில் மகள் வாய் திறக்கத் தொடங்கினாள். அவள் தலை என் முழங்காலோடு ஒட்டித்தானே இருந்தது, என் காதுக்கு எட்டும். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், மதியச் சாப்பாட்டைப் பார்த்து யார் மூக்கைப் பொத்தினார்கள், எல்லாம் சொல்லுவாள். நடுவில் நின்றால் நான், "மறுகா?" என்பேன். அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. அக்கா விட்டுப் போனதில் எங்கள் இருவருக்கும் அதுதான் மிஞ்சியிருந்தது.

அக்காவைத் திரும்பக் கண்டது எண்பத்தொன்பதில் என்று நினைக்கிறேன். மகளுக்கு எட்டு வயது. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் புதிதாகத் திறந்திருந்த எங்கள் ஆட்களின் கடை. கணவர் உள்ளே மரக்கறி பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மகளும் வாசலில் காத்திருந்தோம். அக்கா இன்னொரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் என் வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி, மயில்நீலச் சேலையில். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கொய்யகத்தைத்தான் பார்த்தேன். ஒரு மடிப்புக் குலையவில்லை. காற்றுக்குச் சேலை நுனி விலகியதும், அவள் சொல்ல முன்பே அக்கா குனிந்து அதை ஒதுக்கிவிட்டார்.

எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. நானே வேண்டாம் என்று அனுப்பிய கைகள். இனி எனக்கு அப்படி யாரும் சேலை உடுத்தப் போவதில்லை. நான் அன்று போட்டிருந்தது ரப்பர் இடுப்புக் காற்சட்டையும் சட்டையும், அதில் காலைச் சாப்பாட்டின் சம்பல் ஒரு பொட்டு. அந்தப் பெண் தண்ணீர் கேட்க நாக்குக் கூச வேண்டியதில்லை, கேட்கவே வேண்டியதில்லை. அவளை நாற்காலியோடு தள்ளிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன்.

மகள் அக்காவைக் கண்டுகொண்டாள். "பெரியம்மா" என்று ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். அக்கா அவளை அணைத்து, கன்னத்தைக் கிள்ளி, எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்றார். பிறகு அவருடைய கை தன்பாட்டில் பிள்ளையின் தலைக்குப் போயிற்று. வளைந்த உச்சியில் விரலை ஓட்டினார். ஏறி இறங்கிக் கிடந்த இரண்டு பின்னல்களையும் தூக்கிப் பார்த்தார். அந்த அன்ரி மண்டபத்தில் தூக்கிப் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"ஆரு புள்ள இப்பிடிப் பின்னினது?" என்று கேட்டார்.

மகள் திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்கிற மாதிரி, "அம்மா," என்றாள்.

அக்கா என் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். இந்த முறை பாவமாகப் பார்க்கவில்லை. பின்னல்களை மெதுவாகப் பிள்ளையின் தோளில் விட்டார்.

"ஓம்," என்றார், "தெரியுது."